க்ராப்பி மீனுக்குத் தூண்டில் கம்பு வாங்கப் போகிறீர்களா? எல்லாம் ஒரே மாதிரி வாங்குங்கள்

கேள்வி: ஆறு வருடமாக மெம்ஃபிஸில் இருக்கிறோம். படகு வைத்திருக்கும் அலுவலக நண்பர் போன மார்ச்சில் என்னை மிசிசிப்பியின் சார்டிஸ் ஏரிக்குக் கூட்டிப்போனார். படகின் முன்பக்கம் எட்டுத் தூண்டில் கம்புகளை விசிறி போல நீட்டிவைத்து, மெதுவாக ஓட்டிக்கொண்டே க்ராப்பி என்ற ஏரி மீனைப் பிடித்தோம். ‘ஸ்பைடர் ரிக்கிங்’ என்றார். இந்த வருடம் என் கம்புகளை நானே வாங்கிக்கொண்டு போக ஆசை. கடையில் 8 அடியிலும் இருக்கிறது, 16 அடியிலும் இருக்கிறது. விலையும் அப்படித்தான். நல்லதாக இரண்டு, மீதி மலிவாக என்று வாங்கினால் போதுமா?

பதில்: போதாது. முதன்முதலில் நானும் அப்படித்தான் வாங்கினேன். விலை கூடியது இரண்டு, தள்ளுபடியில் கிடைத்தது நான்கு. ஒரு முழு நாள் நுனிகளையே பார்த்துக்கொண்டிருந்தும் பாதிக் கடிகளைத் தவறவிட்டேன். கம்புகள் கெட்டவை அல்ல. ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

காரணம் மீனிடமே இருக்கிறது. க்ராப்பி பெரும்பாலும் கீழிருந்து மேலே பார்த்துத்தான் இரையெடுக்கும். உங்கள் தூண்டில் நரம்பில் அரை அவுன்ஸ் அல்லது ஒரு அவுன்ஸ் ஈயக்குண்டும், அதையொட்டி உயிருள்ள பொடிமீன் கோத்த இரண்டு முள்ளும் தொங்கும். அந்த எடைக்குக் கம்பின் நுனி கொஞ்சம் வளைந்தே நிற்கும். க்ராப்பி பொடிமீனைக் கவ்விக்கொண்டு மேலே ஏறினால் ஈயமும் கூடவே ஏறும். அப்போது வளைந்திருந்த நுனி சத்தமில்லாமல் நிமிரும். புதிதாக வருபவர்கள் நுனி கீழே இழுபடும் என்று காத்திருப்பார்கள். நல்ல மீன் பலமுறை நுனியை நிமிர்த்திவிட்டுப் போய்விடும்.

இப்போது வரிசையை யோசித்துப் பாருங்கள். எல்லாம் ஒரே நீளம், ஒரே மாடல், ஒரே எடை ஈயம் என்றால் நுனிகள் எல்லாம் ஒரே வளைவில் நிற்கும். அதில் ஒரு நுனி இரண்டு விரல் அளவு நிமிர்ந்தாலும் கண் உடனே பிடித்துவிடும். நுனிகள் ஆளுக்கொரு வளைவில் நின்றால், கடித்தது மீனா இல்லை கம்பே அப்படித்தானா என்று தெரியாது. அதனால் உங்கள் மொத்தப் பணத்தையும் கம்புகளின் எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ளுங்கள். அந்த விலைக்குள் கிடைக்கும் நடுத்தரக் கம்பு ஒரே மாடலில் வாங்கினாலே போதும். 80 டாலர் கம்பு இரண்டைவிட 40 டாலர் கம்பு நான்கு இந்த வேலைக்கு நல்லது.

வாங்குவதற்கு முன் எத்தனை என்று முடிவு செய்யுங்கள். ஒருவர் எத்தனை கம்பு போடலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மின்னசோட்டாவில் பனி உறையாத காலத்தில் பொதுவாக ஆளுக்கு ஒரே தூண்டில்தான். மிசிசிப்பியின் சார்டிஸ், ஈனிட், கிரெனடா, அர்கபுட்லா ஏரிகளிலும் வரம்பு உண்டு. மீன்பிடி உரிமம் எடுக்கும்போதே அந்த வருடத்து எண்ணிக்கையைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

நீளத்துக்கு வருவோம். நீங்கள் போகும் ஏரிக்கு 14 அடி என்பேன். நரம்பு எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ கிட்டத்தட்ட அவ்வளவு நீளம் கம்பும் இருந்தால், மீன் மாட்டியதும் ரீலைச் சுற்ற வேண்டியதில்லை. கம்பை உயர்த்தினால் மீன் ஊஞ்சல் போல ஆடி உங்கள் பக்கமே வந்துவிடும். தெளிந்த நீரில் படகின் நிழலுக்கு மீன் விலகும், அங்கே 16 அடி உதவும். கலங்கல் தண்ணீரில் 12 அடியே தாராளம். 16 அடிக் கம்பைக் காற்றில் சமாளிப்பதும் காரில் ஏற்றுவதும் பெரிய வேலை. அதைக் கேட்டு வாங்கும் அளவுக்கு உங்களுக்கு இன்னும் தேவை வரவில்லை.

கடையில் ஒரு சோதனை செய்துபாருங்கள். ஒரு அவுன்ஸ் ஈயக்குண்டு ஒன்றைச் சட்டைப்பையில் கொண்டுபோங்கள். கடைக்காரரிடம் சொல்லிவிட்டு அதை நுனி வளையத்தில் கட்டுங்கள். கம்பைத் தரைக்கு இணையாகப் பிடியுங்கள். நுனியிலிருந்து இரண்டு மூன்று அடி மட்டும் மெல்ல வளைந்து, நடுவிலிருந்து கைப்பிடி வரை நேராக நின்றால் அது உங்களுக்கான கம்பு. கம்பு முழுவதும் வில்லாக வளைந்தால், அது கையில் பிடித்து ஜிக் (முள்ளோடு கூடிய சின்னச் செயற்கை இரை) போடுவதற்கான மெல்லிய கம்பு, வேண்டாம். நுனியே அசையவில்லை என்றாலும் வேண்டாம். நுனி மென்மையாக இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. க்ராப்பியின் வாய்த்தோல் அவ்வளவு மெல்லியது, ‘காகித வாய்’ என்றே அதற்குப் பட்டப்பெயர். விறைத்த கம்பால் வெடுக்கென்று இழுத்தால் வாய் கிழிந்து மீன் போய்விடும்.

அப்புறம் கைப்பிடி. கம்பு ராட் ஹோல்டரில் (படகில் கம்பைத் தாங்கும் பிடி) உட்கார்ந்த பிறகும், அதற்கு முன்னால் கை வைத்துத் தூக்க ஒரு பிடி இடம் இருக்க வேண்டும். நண்பரின் ஹோல்டர் எந்த மாதிரி என்று கேட்டு, முடிந்தால் அதிலேயே பொருத்திப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பளிச்சென்ற நிறத்தில் நுனி இருந்தால் மேகமூட்டமான காலையில் கண்ணுக்குச் சிரமம் இல்லை.

பிராண்டு கேட்பீர்கள். மிசிசிப்பியின் வெஸ்ட் பாயின்ட் ஊரைச் சேர்ந்த பி-என்-எம் கம்பெனி இந்த வேலைக்கென்றே கம்பு போடுகிறது. க்ராப்பிப் போட்டிகளில் பேர்பெற்ற ரோனி கேப்ஸ், ஸ்டீவ் கோல்மன் இருவர் பெயரிலும் அவர்களிடம் ஒரு வரிசை உண்டு. அதைத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. ஈயச் சோதனையில் தேறும் எந்தக் கம்பும் சரி.

மாட்டிய மீனை அள்ளும் கைவலைக்கு மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். நீளக் கைப்பிடி உள்ளதாக வாங்குங்கள். சார்டிஸுக்குப் பக்கத்து ஈனிட்டில்தான் 1957-இல் 5 பவுண்ட் 3 அவுன்ஸ் வெள்ளை க்ராப்பி பிடிபட்டது, அதுதான் உலக சாதனை. அந்தப் பக்கத்துத் தண்ணீரில் கைவலை இல்லாமல் இறங்காதீர்கள்.

கேள்வி: அலபாமாவின் வைஸ் ஏரியில் படகின் பின்னால் நரம்பை விட்டு இழுத்துப் பிடிக்கிறோம். எங்களுக்கும் ஒரே நீளக் கம்புகள்தானா?

பதில்: இல்லை, உங்களுக்கு நேர் எதிர். நீங்கள் செய்வது லாங்லைனிங். ஈயக்குண்டு இல்லாமல் சின்ன ஜிக்குகளைத் தொலைவில் விட்டு இழுக்கிறீர்கள். நரம்புகள் பின்னிக்கொள்ளாமல் இருக்க ஒவ்வொன்றும் தள்ளித் தள்ளிப் போக வேண்டும். அதற்குக் கம்புகள் வேறு வேறு நீளத்தில் இருக்க வேண்டும். மிக நீளமானது பக்கவாட்டில் நேராக வெளியே நீளட்டும். அடுத்தடுத்தவை குறைந்துகொண்டே வந்து, குட்டைக் கம்பு படகின் பின்முனையில் இருக்கட்டும். பக்கத்துக்கு 16, 12, 8 என்று மூன்று வைத்தாலே நன்றாக விரியும். நீளம் மாறினாலும் ஒரே கம்பெனியின் ஒரே வரிசையில் வாங்குங்கள், நுனிகளின் மென்மை ஒத்துப்போகும்.

கேள்வி: ஒருவர் தன் ஸ்பைடர் ரிக்கிங் கம்புகள் ஆறையும் ஹோல்டரோடு சேர்த்துப் பாதி விலைக்குத் தருகிறார். பழைய கம்பு வாங்கலாமா?

பதில்: தாராளமாக. 2018-இல் லைவ்ஸ்கோப் என்ற, நீருக்கடியில் இருக்கும் மீனை நேரடியாகத் திரையில் காட்டும் சோனார் கருவி வந்த பிறகு பலர் திரையில் மீனைப் பார்த்தே ஒற்றைக் கம்பால் பிடிக்கப் பழகிவிட்டார்கள். அதனால் நல்ல செட்டுகள் விலைக்கு வருகின்றன. ஒரே மாடல் ஆறும் சேர்ந்து கிடைப்பது உங்கள் அதிர்ஷ்டம். பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் பஞ்சு ஒன்றை விட்டு இழுங்கள். பஞ்சு சிக்கினால் அங்கே வெடிப்பு இருக்கிறது, அது நரம்பை அறுத்துவிடும். துண்டுகள் சேரும் இணைப்பைச் செருகி லேசாக ஆட்டிப் பாருங்கள், கடகடவென்று ஆடினால் அந்தக் கம்பை மட்டும் விலக்கிவிட்டு விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஹோல்டரின் திருகுகளையும் ஒருமுறை முழுக்கச் சுற்றிப் பாருங்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய 14 அடிக் கம்பு நுனி உடைந்து வந்தது. விற்றவர் ‘பிரித்த பிறகு உடைந்திருக்கும்’ என்கிறார்.

பதில்: பெட்டி, விலாசச் சீட்டு, உடைந்த இடம் மூன்றும் ஒரே படத்தில் தெரிய எடுத்து, கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால் கார்டு கம்பெனியிடம் இன்றே எழுத்தில் புகார் கொடுங்கள். உற்பத்தி செய்தவரிடமும் தனியாகக் கேளுங்கள். சில கம்பெனிகள் நுனித் துண்டை மட்டும் தனியாக விற்கின்றன, முழுக் கம்பைத் திருப்பி அனுப்பும் தபால் செலவைவிட அது மலிவாக முடியலாம். அடுத்த முறை குழாய் வடிவ கெட்டி அட்டைப் பெட்டியில் அனுப்புகிறார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பெட்டியைத் திறக்கும்போதே போனில் வீடியோ எடுத்துவிடுங்கள்.