எத்தியோப்பியர்களுக்கும் சோமாலியர்களுக்கும் ஏன் ஆகாது?

அண்டை வீட்டாரான இவ்விரு மக்களுக்கும் இடையே இத்தனை கசப்பு ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். நம் ஊரிலிருந்து பலர் போனதைப் போல நீங்களும் எத்தியோப்பியாவுக்குக் கற்பிக்கச் செல்லவிருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். நான் வரலாற்று அறிஞன் அல்லன். அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் நான்கு ஆண்டுகள் நில அளவையியல் கற்பித்தவன். எனக்குத் தெரிந்தது ஒரு கோட்டின் கதை மட்டுமே.

முதலாண்டில் ஒருநாள் நிலப்படக் குறியீடுகளை விளக்குவதற்காகக் கரும்பலகையில் எத்தியோப்பியாவை வரைந்து, சோமாலியாவை ஒட்டிய எல்லையின் தென்பகுதியை விட்டுவிட்டுச் செல்லும் கோடாக இட்டேன். முடிவாகாத எல்லையை அப்படித்தான் இடுவது வழக்கம். எத்தியோப்பியாவின் மெனலிக் பேரரசர், சோமாலியாவின் தெற்கில் காலூன்றியிருந்த இத்தாலியருடன் 1897-இல் பேசிய எல்லையும், அதைத் தெளிவாக்க வந்த 1908 ஒப்பந்தமும் தரையில் முழுமையாக அளக்கப்படவில்லை; 1950-இல் பிரிட்டன் தன் நிர்வாகத்தில் இருந்த அந்தச் சோமாலியப் பகுதியை மீண்டும் இத்தாலியிடம் ஒப்படைத்தபோது, ‘தற்காலிக நிர்வாகக் கோடு’ என்று ஒன்றைக் கிழித்துவிட்டுப் போனது. “டீச்சர், அந்த இடைவெளிகளை நிரப்புங்கள்” என்றான் பின்வரிசை மாணவன். (ஆண் ஆசிரியரையும் அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்.) அவனுக்கு முன்னால் இருந்த சோமாலி மாணவன் திரும்பிப் பார்க்காமலே, “சரியாகத்தான் வரைந்திருக்கிறார்” என்றான். அதன்பின் அன்று பாடம் நடக்கவில்லை. வெளிநாட்டு இதழொன்று காஷ்மீரத்தில் புள்ளிக்கோடு இட்டால் நமக்கு வரும் கோபத்தை நினைத்திருந்தால், எனக்கு முன்பே புத்தி வந்திருக்கும்.

மாலையில் சக ஆசிரியர் ஒருவர் என்னைத் தனியே அழைத்துப் பேசினார். அவருடைய அண்ணன் கராமாரா கணவாய்ப் போரில் இறந்தவர். 1977 ஜூலையில் சோமாலிய அதிபர் சியாத் பாரேயின் படை எல்லை தாண்டி வந்ததும், செப்டம்பரில் கிழக்கு எத்தியோப்பிய நகரமான ஜிஜிகா விழுந்ததும், அதுவரை சோமாலியாவுக்கு ஆயுதம் கொடுத்துவந்த சோவியத் ஒன்றியம் பக்கம் மாறியதும், எத்தியோப்பியாவுக்கு உதவக் கியூபப் படை வந்திறங்கி 1978 மார்ச்சில் நகரம் மீட்கப்பட்டதும் அவர் வீட்டுக் கதைகள். அவர் கணக்கில் அது 16-ஆம் நூற்றாண்டில் எத்தியோப்பியக் கிறித்தவ அரசின் மீது இமாம் அகமது என்ற முஸ்லிம் தலைவர் தொடுத்த போரின் தொடர்ச்சி. அந்த இமாமை அவர் ‘கிராஞ்’, அதாவது இடக்கையன், என்று எத்தியோப்பிய மொழியான அம்ஹாரிக்கில் வசையாகச் சொன்னார்; சோமாலியர் அதே பொருளுடைய ‘குரே’ என்ற பெயரால் அவரை வீரராகப் போற்றி மொகதிஷுவில் சிலையும் எழுப்பினார்கள்.

சோமாலி மாணவனின் தந்தையோ, அதே 1978-இல் வட சோமாலிய நகரமான ஹர்கெய்சா பக்கத்து அகதி முகாமுக்கு ஓடியவர். பத்து ஆண்டுகள் கழித்துச் சியாத் பாரே அந்நகரத்தின் மீதே குண்டு வீசியபோது, தப்பியோடி வந்த எத்தியோப்பியாவுக்கே மீண்டும் தப்பியோடினார். “நீ எந்தப் பக்கம்?” என்று அவனிடம் கேட்டதை நினைத்து இன்றும் வெட்கப்படுகிறேன். “நான் எத்தியோப்பியன்தான், டீச்சர். கோட்டுக்கு அந்தப் பக்கம் என் அத்தை இருக்கிறார்” என்றான்.

உங்கள் கேள்வி இவனை எந்தப் பக்கத்தில் வைக்கும்? 1995 அரசமைப்பின்படி, நாட்டின் கிழக்கே சோமாலியர் வாழும் சோமாலி மாநிலம் எத்தியோப்பியக் கூட்டாட்சியின் உறுப்பு. சோமாலியக் கொடியிலுள்ள நட்சத்திரத்தின் ஐந்து முனைகளில் ஒன்று குறிப்பதும் அதே நிலத்தைத்தான்.

சியாத் பாரேக்கு நான் வக்காலத்து வாங்குவதாகச் சிலர் பின்னூட்டம் இடக்கூடும். 1977-இல் படை அனுப்பியது அவர்தான், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 2006 டிசம்பரில் எத்தியோப்பியப் படை மொகதிஷு வரை சென்றதையும், தனி நாடென்று தன்னை அறிவித்துக்கொண்ட, ஆனால் சோமாலியா தன்னுடையது என்று சொல்லும் சோமாலிலாந்துடன் 2024 ஜனவரி 1 அன்று எத்தியோப்பிய அரசு கடல்வழிக்காகச் செய்துகொண்ட உடன்பாட்டையும் விட்டுவிட்டு, பழியை ஒரு தரப்பின் மீது மட்டும் சுமத்த என்னால் இயலவில்லை.

நீங்கள் அங்கே போனால், அந்த சோமாலி நிலத்தைக் குறிக்க ‘ஒகாடன்’ என்ற சொல்லை யோசித்துப் பயன்படுத்துங்கள். அது ஒரு குலத்தின் பெயர், மற்றக் குலத்தார் விரும்புவதில்லை. நான் அடுத்த ஆண்டு எல்லையே வேண்டாமென்று, எத்தியோப்பிய மலையில் பிறந்து சோமாலியாவுக்குள் ஓடும் ஆற்றை மட்டும் வரைந்தேன். அம்ஹாரிக்கில் ‘வாபி ஷெபெலே’ என்றா, சோமாலியில் ‘வெபி ஷபேலே’ என்றா, எப்படிப் பெயர் எழுதப் போகிறீர்கள் என்று ஒருவன் கேட்டான்.