நாட்டுக்கோழி: எதை வைப்பது, எதைக் கழிப்பது?

மழை ஓய்ந்து பனி இறங்கும் மாதங்களில்தான் அடை வைப்பது பற்றிய கேள்விகள் அதிகம் வரும். இந்த முறை வந்தவற்றில் பாதி குஞ்சு பொரிப்பு பற்றியவை, மீதி கழிப்பு பற்றியவை. இரண்டையும் தனித்தனி வேலையாக நினைக்கிறோம். ஆனால் எந்தக் கோழியின் முட்டையை அடை வைக்கக் கூடாது என்று முடிவு செய்யும்போதே கழிப்பு தொடங்கிவிடுகிறது.

கேள்வி: எட்டு சிறுவிடைப் (சிறிய உடல்வாகுள்ள நாட்டுக்கோழி) பெட்டைகள், ஒரு சேவல் வைத்திருக்கிறோம். எல்லா முட்டையையும் கலந்துதான் அடை வைக்கிறோம். நல்ல தாய்க்கோழியை எப்படிக் கண்டுபிடிப்பது? (நத்தம்)

பதில்: கலந்து வைப்பதை முதலில் நிறுத்துங்கள். ஒவ்வொரு பெட்டையின் காலிலும் ஒவ்வொரு நிறத்தில் பிளாஸ்டிக் வளையம் போடுங்கள். முட்டையின் மேல் பென்சிலால் அந்தக் கோழிக்கு ஒரு எழுத்து எழுதுங்கள். யாருடைய முட்டை எது என்று எப்படித் தெரியும் என்பீர்கள். ஒரு கோழியின் முட்டை நிறமும் வடிவமும் பெரும்பாலும் மாறாது. ஒரு வாரம் கூடையைக் கவனித்தாலே பிடிபட்டுவிடும்.

அப்புறம் ஒரு நோட்டு. ஒரு ஈட்டில், அதாவது ஒரு தடவை தொடர்ந்து இடுவதில், எத்தனை முட்டை, எத்தனை பொரித்தது, இரண்டு மாத முடிவில் எத்தனை குஞ்சு உயிரோடு இருக்கிறது என்று மூன்று கணக்கு மட்டும் போதும். மூன்றாவது கணக்குதான் முக்கியம். பதினைந்து முட்டையிட்டு நான்கு குஞ்சை மட்டும் கரை சேர்க்கும் கோழியைவிட, பதினொன்று இட்டு ஒன்பதைக் காப்பாற்றும் கோழிதான் உங்களுக்கு வேண்டியது. பருந்து நிழல் பட்டதும் குரல் கொடுத்து குஞ்சுகளை இறக்கைக்குள் இழுப்பது, கிளறி இரை காட்டுவது, மற்ற கோழியின் குஞ்சைக் கொத்தாமல் இருப்பது எல்லாம் அந்த ஒரு எண்ணில் வந்துவிடும்.

எட்டில் மூன்று பெட்டைகளைத் தேர்ந்தெடுத்து அவற்றின் முட்டைகளை மட்டும் அடை வையுங்கள். மற்ற ஐந்தின் முட்டை சாப்பாட்டுக்கு. அவை அடை படுத்தால் இந்த மூன்றின் முட்டையை அவற்றுக்கு வைக்கலாம். முதல் ஈட்டு முட்டைகள் சிறியவை, குஞ்சும் சிறிதாக வரும், அவற்றை விட்டுவிடுங்கள். இரண்டு வயது தாண்டி, நோய்க்காலங்களைக் கடந்து நிற்கும் பெட்டைக்கு நான் கூடுதல் மதிப்புத் தருவேன். நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள். சந்தையில் கறுப்புக்கு விலை கிடைக்கிறது என்று நிறத்தை மட்டும் பார்த்துக் கழித்த பல வீடுகளில், நான்கைந்து தலைமுறைக்குப் பிறகு ஒழுங்காக அடை காக்கும் கோழியே மிஞ்சவில்லை.

ஒன்று நினைவில் வையுங்கள். வளரும் வேகம் பெற்றோரிடமிருந்து குஞ்சுக்கு நன்றாகவே இறங்கும். பொரிப்புத்திறன் அவ்வளவாக இறங்காது. தீவனம், முட்டையை வைத்திருந்த விதம், வெயில், சேவல் எல்லாம் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. அதனால் ஒரு ஈடு பொரிக்கவில்லை என்பதற்காகப் பெட்டையைக் கழிக்காதீர்கள்.

கேள்வி: நான்கு வருடமாக வீட்டில் பிறந்த சேவலையே விடுகிறோம். கூமுட்டை அதிகமாகிறது. சேவல் மாற்ற வேண்டுமா? (பரமத்தி வேலூர்)

பதில்: கட்டாயம் மாற்ற வேண்டும். அண்ணன் தங்கை, அப்பன் மகள் என்று சேர்ந்துகொண்டே போனால் முதலில் அடி வாங்குவது பொரிப்பும் குஞ்சின் தெம்பும்தான். பெட்டைகளை வைத்துக்கொண்டு சேவலை மட்டும் வெளியிலிருந்து கொண்டுவருவது எளிது. இரண்டு மூன்று ஊர் தள்ளி வளர்ப்பவரோடு வருடம் ஒரு முறை மாற்றிக்கொள்ளலாம்.

சேவல் முட்டையிடாது. ஆனால் அதன் மகள்கள் இடுவதில் பாதி அதிலிருந்து வருவது. அதனால் வாங்கும்போது கொண்டையையும் வாலையும் பார்ப்பதோடு நிற்காமல் அதன் தாயைக் காட்டச் சொல்லுங்கள். தாய் எத்தனை முட்டை இடும், உடன்பிறந்த பெட்டைகள் எப்படி என்று கேளுங்கள். நேரான கால், நேரான மார்பெலும்பு, தெளிந்த கண், எட்டு மாத வயதாவது வேண்டும். எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் தாங்கும்.

வாங்கி வந்ததை இரண்டு மூன்று வாரம் தனிப் பஞ்சாரத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள். பழைய சேவலின் விந்து பெட்டையின் உடலில் இரண்டு வாரம் வரை, சில சமயம் அதற்கு மேலும் தங்கும். பழையதை விலக்கி மூன்று வாரம் கழித்து வரும் முட்டையைத்தான் புதுச் சேவலுடையது என்று நம்பலாம்.

கேள்வி: கூர்மையான முட்டை சேவல் குஞ்சு, உருண்டை முட்டை பெட்டைக் குஞ்சு என்கிறார்களே? (ஒட்டன்சத்திரம்)

பதில்: இல்லை. கோழியில் பாலினத்தைத் தீர்மானிப்பது தாய். ஓடு படிவதற்கு முன்பே அது முடிந்துவிடுகிறது. வடிவம் என்பது அந்தக் கோழியின் முட்டைக்குழாய் சார்ந்த விஷயம். கூர்மையாகவே இடும் கோழிக்குச் சேவலாகவா பிறக்கிறது? நோட்டு எழுதினால் நீங்களே பார்க்கலாம்.

கேள்வி: ஐம்பது முட்டை இன்குபேட்டர் வாங்கினோம். 21-ஆம் நாள் பல குஞ்சுகள் ஓட்டில் துளை போட்டுவிட்டு உள்ளேயே இறந்துவிடுகின்றன. (மணப்பாறை)

பதில்: பொரிக்காத முட்டைகளை அப்படியே குப்பையில் போடாமல், 22-ஆம் நாள் முடிந்ததும் ஒவ்வொன்றாக உடைத்துப் பாருங்கள். நாற்றம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். காரணம் அங்கேதான் தெரியும். மஞ்சள் கரு அப்படியே இருந்தால் கரு கூடவில்லை, சேவலைப் பாருங்கள். ரத்த வளையம் தெரிந்தால் முதல் சில நாட்களில் இறந்தது. முட்டையை அதிக நாள் வைத்திருந்ததோ, தொடக்கத்தில் சூடு ஏறியதோ காரணமாகலாம். முழு வளர்ச்சியடைந்து, ரோமம் முளைத்து, அலகு காற்றறையில் நுழைந்த நிலையில் இறந்திருந்தால் அது கடைசி மூன்று நாளின் கோளாறு.

உங்களுடையது கடைசி வகை. பெரும்பாலும் ஈரப்பதம் குறைந்து உள்சவ்வு காய்ந்து, குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்கிறது. அது உள்ளே சுற்றி ஓட்டை வெட்ட முடியாமல் போகிறது. மின்விசிறி உள்ள பெட்டியில் வெப்பம் 37.5 முதல் 37.8 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். முதல் 18 நாள் ஈரப்பதம் 55 சதவீதம் ஒட்டி இருந்தால் போதும். 18-ஆம் நாள் திருப்புவதை நிறுத்திவிட்டு 65 முதல் 70-க்கு ஏற்றுங்கள்; தண்ணீர்த் தட்டைப் பெரிதாக்கினாலோ ஈரத்துணி வைத்தாலோ ஏறும். அதன் பிறகு மூடியைத் திறக்கவே கூடாது. முதல் குஞ்சு கத்தியதும் ஆசையில் திறந்து எடுப்பார்கள். அந்த ஒரு நிமிடத்தில் வெளியேறும் ஈரம், துளை போட்டுக் காத்திருக்கும் மற்ற குஞ்சுகளைக் காவு வாங்கிவிடும். பொரித்த குஞ்சு உள்ளே ஒரு நாள் தாராளமாக இருக்கும். வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு அதற்குச் சாப்பாடு.

பெட்டியோடு வந்த வெப்பமானியை அப்படியே நம்பாதீர்கள், இன்னொன்று வைத்து ஒப்பிடுங்கள். மின்சாரம் போனால் பயப்பட வேண்டாம். சில மணி நேரக் குளிர்ச்சியைக் கரு பெரும்பாலும் தாங்கும், 40 டிகிரிக்கு மேல் ஏறும் சூட்டைத்தான் தாங்காது. முட்டையைச் சேமிப்பதிலும் கவனம் வேண்டும். ஏழு நாளுக்கு மேல் வேண்டாம், நம் ஊர் கோடையில் ஐந்து நாளே அதிகம். ஃப்ரிட்ஜில் வைத்த முட்டை பொரிப்புக்கு ஆகாது. ஈர மணல் நிரப்பிய மண்பானைமேல் சாக்கு விரித்து, அகன்ற முனை மேலே இருக்கும்படி வையுங்கள். கழுவ வேண்டாம்.

கேள்வி: இடி இடித்தால் முட்டை கெடும் என்று அடைக்கூடையில் இரும்பு போடச் சொல்கிறார் அம்மா. (அறந்தாங்கி)

பதில்: போட்டால் கெடுதல் இல்லை, இரும்பால் இடி தடுக்கப்படுவதும் இல்லை. சத்தத்தில் கோழி மிரண்டு எழுந்து முட்டையை உடைப்பதும், கூடை நனைவதும்தான் உண்மையான ஆபத்து. கூடையைத் திண்ணையிலிருந்து வீட்டு மூலைக்கு மாற்றிவிடுங்கள், அம்மாவுக்கும் திருப்தியாக இருக்கும்.

கேள்வி: ஒவ்வொரு ஈட்டிலும் ஒன்றிரண்டு குஞ்சு கால் கோணியோ அலகு கோணியோ வருகிறது. சில குஞ்சு வளரவே மாட்டேன் என்கிறது. கொல்ல மனம் வரவில்லை. (கோபிசெட்டிபாளையம்)

பதில்: எல்லாவற்றையும் கொல்ல வேண்டியதில்லை. பிறவிக் குறை எது, நம்மால் வந்தது எது என்று முதலில் பிரியுங்கள். கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்துகொண்டால், பெரும்பாலும் வழுக்கும் செய்தித்தாள் மேல் விட்டதால் வந்தது. தரையைச் சாக்காக மாற்றி, இரண்டு காலையும் சிறு இடைவெளி விட்டு பிளாஸ்டரால் இணைத்தால் இரண்டு மூன்று நாளில் பல குஞ்சுகள் நின்றுவிடும். ஒரே ஈட்டில் பல குஞ்சுகளுக்கு விரல் உள்நோக்கிச் சுருண்டிருந்தால், ரைபோஃபிளேவின் என்ற பி2 வைட்டமின் பற்றாக்குறையைச் சந்தேகியுங்கள். குஞ்சுக்குத் தண்ணீரில் பி வைட்டமின் கொடுங்கள், தாய்க்குக் கீரையும் நல்ல தீவனமும் கொடுங்கள்.

அலகு கத்தரிக்கோல் போல் விலகியிருந்தால் கதை வேறு. வளர வளர விலகல் கூடும், கொத்தித் தின்ன முடியாமல் மெலியும். லேசான விலகல் என்றால் கறிக்கு வளர்க்கலாம், இனவிருத்திக்கு ஒருபோதும் வைக்காதீர்கள். ஒரே ஜோடியிலிருந்து திரும்பத் திரும்ப வந்தால் அந்த ஜோடியைப் பிரியுங்கள்.

வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) என்ற வைரஸ் நோயில் பிழைத்துக் கழுத்து முறுக்கிக்கொண்ட கோழியைப் பரிதாபப்பட்டு மந்தைக்குள் வைத்திருப்பார்கள். பிழைத்ததுபோல் தெரிந்தாலும் சில காலம் கிருமியை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நீட்டிப் படுக்கும் இளங்கோழிக்கு மேரக்ஸ் என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். இரண்டையும் பிரித்து, மருத்துவரிடம் காட்டிவிட்டுக் கழியுங்கள். சந்தைக்கோ பக்கத்து வீட்டுக்கோ தள்ளிவிடாதீர்கள்; அதைவிடப் பெரிய கெடுதல் ஊருக்கு வேறில்லை. ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

உயிரை எடுக்க வேண்டி வந்தால் விரைவாக முடியுங்கள். குஞ்சைத் தண்ணீரில் முக்குவதும், சாகட்டும் என்று வெயிலில் விடுவதும் சித்திரவதை. கழுத்தெலும்பை ஒரே இழுப்பில் விலக்கும் முறையைக் கால்நடை மருந்தகத்தில் நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

இவ்வளவு தூரம் போகாமல் இருக்க, வெள்ளைக்கழிச்சலுக்கு எதிராக ஏழாம் நாள் லசோட்டா சொட்டு மருந்தும், எட்டாவது வாரம் கழிச்சல் தடுப்பூசியும் போட்டுவிடுங்கள்.

கேள்வி: வனராஜா கோழி வாங்கி வளர்த்தோம். அதன் முட்டையில் பொரித்த குஞ்சுகள் தாயைப்போல் இல்லையே? (செய்யாறு)

பதில்: இருக்காது. ஹைதராபாத்தில் உள்ள கோழி ஆராய்ச்சி இயக்குநரகம் தனித்தனி வம்சவழிகளைக் கலந்து உருவாக்கிய கோழி அது. அடுத்த தலைமுறையில் அந்தக் கலப்பு சிதறி, ஒன்று வேகமாகவும் ஒன்று மெதுவாகவும் வளரும். அடை படுப்பதும் அரிது. முட்டைக்கும் கறிக்கும் என்றால் ஒவ்வொரு முறையும் குஞ்சாக வாங்குங்கள். சொந்தமாகப் பெருக்க வேண்டுமென்றால் சிறுவிடையோ, பெரிய உடல்வாகுள்ள பெருவிடையோதான் சரி.

கேள்வி: முட்டை நின்ற பெட்டையை எப்போது கழிப்பது? (உசிலம்பட்டி)

பதில்: ராத்திரி, கோழி அடைந்த பிறகு, அமைதியாகக் கையில் எடுங்கள். மலவாய்க்குக் கீழே இரண்டு பக்கமும் மெல்லிய எலும்பு முனைகள் தட்டுப்படும். முட்டையிடும் கோழிக்கு அவற்றுக்கு இடையே இரண்டு, மூன்று விரல் நுழையும். மலவாய் அகன்று ஈரமாக இருக்கும். நின்றுபோன கோழிக்கு ஒரு விரல்தான் நுழையும், மலவாய் சுருங்கிக் காய்ந்திருக்கும், கொண்டை வெளிறும்.

ஆனால் அடை படுக்கும் கோழியும், இறகு உதிர்க்கும் கோழியும் இதே அடையாளங்களைக் காட்டும். அதனால் ஒரு சோதனையை நம்பிக் கத்தியை எடுக்காதீர்கள். மூன்று வார இடைவெளியில் மூன்று முறை பாருங்கள். மூன்றிலும் ஒரு விரல்தான், இறகு உதிர்வும் இல்லை, அடையும் இல்லை என்றால் கழிக்கலாம். அப்படி நின்ற கோழி நல்ல தாயாக இருந்தால், இன்குபேட்டர் குஞ்சுகளை ராத்திரியில் அதன் இறக்கைக்கு அடியில் விட்டுப் பாருங்கள். அது அடை படுத்திருக்கும் சமயமாக இருந்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். காலையில் ஒரு மணி நேரம் பக்கத்திலிருந்து பாருங்கள். குஞ்சைக் கொத்தினால் உடனே பிரித்துவிடுங்கள்.