ஆப்பிரிக்காவுக்குத் தொண்டு செய்யப் போக நம்பகமான கம்பனியைத் தெரிவு செய்வது எப்படி?

கேள்வியைப் பார்த்தால் கம்பஸ் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிற பிள்ளை போல இருக்கிறது. கம்பனிப் பெயர் ஒன்றைச் சொல்லச் சொல்கிறீர்கள். சொல்ல மாட்டேன். நான் பயண முகவர் இல்லை, ஆப்பிரிக்காவில் கால் வைத்ததும் இல்லை. "போகாத உனக்கு என்ன தெரியும்" என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்கிறேன்: தொண்டர்கள் வந்து இறங்கிய ஊர்க்காரன் நான். மட்டக்களப்பு, கல்லடி.

எங்கள் ஊருக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் மணல். அந்த மணலுக்குள் உப்புத் தண்ணீருக்கு மேலே நல்ல தண்ணீர் மெல்லிய படையாக நிற்கும். கிணற்றில் நாங்கள் அள்ளிக் குடித்தது அதைத்தான். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எல்லாக் கிணறும் உப்பும் சேறும். ஜனவரியில் ஒரு குழு பம்ப்போடு வந்து எங்கள் கிணற்றை இறைத்துப் படமும் எடுத்துக்கொண்டு போனது. கொஞ்ச நாளில் இன்னொரு குழு, வேறு நிற டீசேட். "போன கிழமைதானே மனே இறைச்சவங்க, சொல்லு" என்றா அம்மா. நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். தலையாட்டிக் கேட்டார்கள், பிறகு பம்ப்பை ஸ்டார்ட் பண்ணினார்கள். இறைக்க இறைக்க மேலே இருந்த கொஞ்ச நல்ல தண்ணீரும் போய், கீழே கிடந்த உப்பு மேலே ஏறியது. திரும்பத் திரும்ப இறைத்தால் கிணறு தேறாது, மழைதான் கழுவ வேண்டும் என்று நிலத்தடி நீர் ஆய்வாளர்கள் பிறகு வந்து அளந்து சொன்னார்கள். அதுவரைக்கும் தண்ணீர் பவுசர் வரும் நேரம் பார்த்துக் குடத்தோடு வரிசையில் நின்றோம்.

நன்றி கெட்டவன் என்று யாரும் தொடங்க வேண்டாம். கூடாரம் அடித்துத் தந்ததும், காயத்துக்கு மருந்து கட்டியதும் வெளியூர்ச் சனம்தான். அதை மறக்கவில்லை. ஆனால் எங்களிடம் கேட்டுவிட்டு வேலை செய்தவர்கள் ஒரு சாதி, வந்ததற்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று செய்தவர்கள் இன்னொரு சாதி.

அதனால் கம்பனியிடம் முதலில் கேட்க வேண்டியது: அந்த ஊரில் உங்களைக் கூப்பிட்டது யார்? உள்ளூர் அமைப்பின் பெயரையும், நீங்கள் நேரே கதைக்க ஒரு நம்பரையும் தரச் சொல்லுங்கள். நீங்கள் கட்டுகிற காசில் அவர்கள் கைக்கு எவ்வளவு போகிறது என்று அவர்களிடமே கேளுங்கள். நம்பர் தர மழுப்பினால் அத்தோடு விட்டுவிடலாம்.

இரண்டாவது, அவர்கள் உங்களை விசாரிக்கிறார்களா என்று பாருங்கள். என் அக்காவின் மகள் உகண்டாவில் ஒரு சிறுவர் இல்லத்துக்கு இரண்டு கிழமை போகப் பணம் கட்ட இருந்தாள். வட்ஸ்அப்பில் கதைக்கும்போது நானும் பக்கத்தில் இருந்தேன். பொலிஸ் நற்சான்றிதழ் வேண்டுமா என்று கேட்டேன். "அதெல்லாம் தேவையில்லை அங்கிள், பாஸ்போட் கொப்பியும் அட்வான்ஸும் போதும்" என்றது அந்தக் குரல். யாரென்றே தெரியாத ஒருவரைப் பிள்ளைகள் படுத்தெழும்புகிற இடத்துக்குள் விடத் தயாராக இருப்பவனை எதற்கு நம்புவது? அப்படியான இல்லங்களில் இருக்கிற பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வெளிநாட்டுக் காசு வருவதால்தான் பல இல்லங்கள் நிரம்புகின்றன. கென்யா 2017இல் புதிய சிறுவர் இல்லங்களைப் பதிவதையே நிறுத்தியது.

அவள் கடைசியில் வேறொரு அமைப்பு மூலம் உகண்டாவுக்கே போனாள். அவர்கள் பொலிஸ் சான்றிதழ் கேட்டார்கள், அவளைத் தெரிந்த இருவரிடம் விசாரித்தார்கள். இரண்டு கிழமை எங்களுக்குப் பயனில்லை, மூன்று மாதம் வரமுடியுமா என்றும் கேட்டார்கள். கொமர்ஸ் படித்தவள் என்பதால் பெண்கள் சேமிப்புக் குழு ஒன்றின் கணக்குப் புத்தகங்களைச் சீராக்கும் வேலை. படம் போட ஒன்றும் இல்லை என்று அவளுக்குக் கொஞ்சம் கவலைதான்.

தென்னாபிரிக்காவில் சிங்கக்குட்டிக்குப் பால் கொடுக்கலாம் என்று விளம்பரம் வந்தால் தொடவே வேண்டாம். தாயிடமிருந்து பிரித்து அப்படி வளர்க்கிற குட்டிகள் பெரிதானதும் வேலிக்குள் வைத்துச் சுடுகிற வேட்டைக்கு விற்கப்படுவது அங்கே நெடுங்காலப் பிரச்சினை. தான்சானியாவுக்கு "சுற்றுலா விசா போதும்" என்பவனையும் நம்ப வேண்டாம், அங்கே தொண்டருக்கு சி வகுப்பு வதிவிட அனுமதி வேண்டும். இங்குள்ள ஏஜென்சி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரத்தைக் காட்டினால், அது சம்பள வேலைக்கு ஆள் அனுப்பத்தான், தொண்டுக்கு இல்லை. "தொண்டு என்று போங்க, அங்க போய் வேலை எடுத்துத் தாறம்" என்றால் எழும்பி வந்துவிடுங்கள். வேலை என்று கூட்டிப்போய் இணைய மோசடி செய்ய வைக்கிற மியன்மார் முகாம்களில் நம் பிள்ளைகள் மாட்டியதும் இப்படியான வாய்வார்த்தையை நம்பித்தான்.

அப்புறம் ஊசி. உகண்டாவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் ஊசி அட்டை வேண்டும். அதற்கு நாங்கள் கொழும்பு பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் வரை போனோம். மட்டக்களப்பில் போதனா வைத்தியசாலை இருக்கிறது, மருத்துவம் படிப்பிக்கிற பல்கலைக்கழகம் இருக்கிறது, ஆனாலும் ஒரு ஊசிக்கு இரவு ரயில். கொழும்பில் மாமா வீடு இல்லாதவன் லொட்ஜுக்குக் கொடுக்கிற காசை எந்த அமைச்சர் கணக்குப் பார்த்தார்? சரி, அது இந்தக் கேள்விக்குத் தேவையில்லாத கதை.

ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அந்த அட்டை செல்லும், அதைக் கணக்கில் வைத்து டிக்கட் போடுங்கள். 2016இலிருந்து ஒரு ஊசி ஆயுளுக்கும் போதும். மலேரியாத் தடுப்பு மாத்திரையை மலேரியா தடை இயக்கத்தில் இலவசமாகத் தருவார்கள். இலங்கை 2016இலேயே மலேரியா இல்லாத நாடாகிவிட்டது, இளம் டொக்டர்மாருக்கு அந்த நோய் சட்டென்று ஞாபகம் வராது. திரும்பி வந்து காய்ச்சல் வந்தால் ஆப்பிரிக்கா போய் வந்ததை முதலில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் டெங்கு என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.