நாஸ் பெட்டியில் 12 வோல்ட் எச்சரிக்கை: முதலில் அடாப்டரைப் பாருங்கள்

குளச்சல் வீட்டிலுள்ள நாஸ் பெட்டியில் (வீட்டு நெட்வொர்க்கில் ஃபைல்களைச் சேமித்து வைக்கும் டிஸ்க் பெட்டி) ராத்திரி பேக்கப் தொடங்கும்போது மட்டும் 12 வோல்ட் லைன் 11.2-க்கு இறங்குகிறது, யுபிஎஸ் வாங்கினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மின்வெட்டுக்கு உதவும், வாங்குங்கள், ஆனால் இது அதில் தீராது. எனக்குச் சந்தேகம் அடாப்டர் மேல்தான்: தூங்கிக்கொண்டிருந்த 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும்போது ஒவ்வொன்றும் 2 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் உள்பாகம்) தளர்ந்துபோன அடாப்டர் அங்கேதான் படுத்துவிடும். லோடு இல்லாமல் மல்டிமீட்டரில் அளந்தால் 12 காட்டி ஏமாற்றும். 5 சதவீத விலகல், அதாவது 11.4 வரை பரவாயில்லை. உங்களுடையது அதற்கும் கீழே.

முக்கியமான ஃபைல்களை இப்போதே வேறு டிஸ்கில் நகலெடுங்கள். அப்புறம் ஷட்டவுன் செய்து அடாப்டர் பின்னைப் பாருங்கள், கடற்காற்றில் பச்சை பிடித்திருக்கலாம். புது அடாப்டரில் வோல்ட்டும் துருவமும் (பின்னில் பிளஸ், மைனஸ் இருக்கும் இடம்) அதேதான் இருக்க வேண்டும், ஆம்பியர் கூடலாம், குறையக் கூடாது.