சொட்டு மருந்தா, காலை வெயிலா?

கேள்வி: என் மகனுக்கு மூன்று மாதம். தாய்ப்பால் மட்டும்தான். தினமும் வைட்டமின் டி சொட்டு மருந்து கொடுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். "தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு மருந்து எதுக்கு? இளவெயில் காட்டினாப் போதும்" என்கிறார் மாமியார். எனக்கும் டி சத்து குறைவு என்று வாரம் ஒரு 60,000 யூனிட் பாக்கெட் சாப்பிடுகிறேன். அது பால் வழியாக அவனுக்குப் போய்விடாதா?
- ஒரு வாசகி, தென்காசி

பதில்: சொட்டு மருந்தைத் தயங்காமல் கொடுங்கள். தாய்ப்பாலுக்கு ஈடு எதுவுமில்லை. ஆனால் டி சத்து மட்டும் அதில் மிகக் குறைவு. குழந்தைக்கு ஒரு நாளைக்கு 400 யூனிட் தேவை. ஒரு லிட்டர் தாய்ப்பாலில் பெரும்பாலும் 100கூட இருப்பதில்லை. அதனால்தான் முதல் வருடம் முழுக்க தினமும் 400 யூனிட் கொடுக்கச் சொல்கிறது இந்தியக் குழந்தை மருத்துவ அகாடமி. இந்தச் சத்து இல்லாவிட்டால் பாலில் உள்ள கால்சியம் எலும்பில் சரியாகச் சேராது. குறைபாடு முற்றினால் மணிக்கட்டு தடிக்கும், நடக்கிற வயதில் கால் வளையும்; சில குழந்தைகளுக்கு வலிப்பே வந்துவிடும்.

மாமியார் சொல்வது அக்கறையில்தான். ஆனால் தோலில் டி சத்தை உண்டாக்கும் புற ஊதாக் கதிர், நம் நிழல் நம்மைவிட நீளமாக விழும் காலை நேரத்தில் மிகக் குறைவு. ஜன்னல் கண்ணாடி அதையும் தடுத்துவிடும். சரி, உச்சி வெயிலில் காட்டலாமா என்றால், பச்சைக் குழந்தையின் தோல் தாங்காது.

உங்கள் பாக்கெட்டிலிருந்து பாலுக்குக் கொஞ்சம் போகும். எவ்வளவு என்று வீட்டில் அளக்க முடியாது, உங்கள் சிகிச்சை முடிந்தால் அதுவும் குறைந்துவிடும். அதை நம்பி மருந்தை நிறுத்த வேண்டாம். நீங்கள் அதைச் சாப்பிடுவதைக் குழந்தை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அந்தப் பாக்கெட்டில் ஒரு சிட்டிகைகூடக் குழந்தை வாயில் படக்கூடாது. ஒரு பாக்கெட் என்பது அவனுக்கு 150 நாள் மருந்து!

எனக்கு உண்மையில் கவலை அளவைப் பற்றித்தான். பாட்டில் லேபிளைப் படியுங்கள். ஒரு மில்லியில் 400 யூனிட் உள்ளதும் விற்கிறது, 800 உள்ளதும் விற்கிறது. முதலாவது என்றால் ஃபில்லரில் 1 என்ற கோடு வரை, இரண்டாவது என்றால் 0.5 வரை. வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர்கள் வாங்கிவரும் சில மருந்தில் ஒரு சொட்டிலேயே 400 இருக்கும்; அதை ஃபில்லர் நிறையக் கொடுத்தால் ஆபத்து. ஒரு பாட்டிலின் ஃபில்லரை இன்னொன்றுக்குப் போடாதீர்கள். கடையில் வேறு கம்பெனி மருந்து தந்தால் மறுபடி லேபிளைப் பாருங்கள். அளவு மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர் என்று தொடங்கி சிறுநீரகம் வரை பாதிக்கும்.

தலையைச் சற்று உயர்த்திப் பிடித்து, கன்னத்தின் உள்பக்கமாக மெதுவாக விடுங்கள். ஒரு நாள் மறந்துபோனால் மறுநாள் இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டாம். அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது பாட்டிலையும் ஃபில்லரையும் கையோடு எடுத்துப்போய், எதுவரை இழுக்கிறீர்கள் என்று டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.