கார் பாலிஷ் போடும் ரோட்டரி மெஷின்: வாங்கலாமா, பழகலாமா?

கேள்வி: என் கறுப்பு நிறக் காருக்கு ஏழு வயது. வெயிலில் நிறுத்தினால் பானெட் முழுக்க சிலந்தி வலை போல மெல்லிய கீறல்கள் தெரிகின்றன. ரோட்டரி பாலிஷர் ஒன்று வாங்கி நானே சரிசெய்யலாம் என்று நினைக்கிறேன். பெயின்ட் எரிந்துவிடும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். வீட்டில் 4 இன்ச் கிரைண்டர் இருக்கிறது. அதிலேயே பேட் (பாலிஷ் போடும் வட்டு) மாட்டிக்கொண்டால் போதாதா? (ஈரோடு வாசகர்)

பதில்: முதலில் கிரைண்டரை மறந்துவிடுங்கள். அந்த அளவு கிரைண்டர்கள் பெரும்பாலும் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும். பாலிஷ் வேலைக்குத் தேவை 600 முதல் 1,500 சுற்றுதான். கிரைண்டர் வேகத்தில் பேட் பிய்ந்து பறக்கும், பெயின்ட்டும் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும்.

நண்பர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. நிறத்துக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் பொதுவாக 40, 50 மைக்ரான் தடிமன்தான். ஒரு ஏ4 தாளின் தடிமனில் ஏறக்குறைய பாதி. ஒவ்வொரு முறை பாலிஷ் போடும்போதும் அதில்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுகிறோம். போனது திரும்ப வராது.

ஒரே ஒரு கார், வருடத்துக்கு ஒரு தடவை வேலை என்றால் டூயல் ஆக்‌ஷன் பாலிஷரே போதும் என்பது என் கருத்து. அதில் பேட் சுற்றிக்கொண்டே அசையவும் செய்யும். அதிகமாக அழுத்தினால் சுற்றுவது நின்றுவிடும், அதனால் பெயின்ட் தப்பிக்கும். ரோட்டரி அப்படியில்லை. எவ்வளவு அழுத்தினாலும் விடாமல் சுற்றும், சூடும் ஏறிக்கொண்டே போகும். ஆழமான கீறல்களை வேகமாக எடுக்கவும், தொழிலாகக் கற்றுக்கொள்ளவும் ரோட்டரிக்கு நிகரில்லை. எது உங்கள் தேவை என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

ரோட்டரிதான் என்றால், டப்பாவில் பெரிதாக அச்சடித்திருக்கும் 3,000 சுற்றுக்கு மயங்காதீர்கள். எவ்வளவு மெதுவாக ஓடும் என்று கேளுங்கள். 600-இல் தொடங்க வேண்டும். ஸ்விட்சைத் தட்டியதும் எகிறாமல் மெல்ல வேகமெடுக்க வேண்டும். அழுத்தினாலும் வேகம் குறையாமல் பிடித்து வைக்கும் வசதி இருந்தால், கூடுதல் பணம் கொடுத்தும் வாங்கலாம். பேட் மாட்டும் இடத்தில் எம்14 அளவுத் திருகு உள்ளதாகப் பாருங்கள், நம் ஊரில் பேட் சுலபமாகக் கிடைக்கும். மோட்டாருக்குள் தேயும் கார்பன் பிரஷ் கிடைக்குமா, சர்வீஸ் உங்கள் ஊரிலேயே உண்டா என்று விசாரித்துவிட்டு, ஜிஎஸ்டி பில்லோடு வாங்குங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த மெஷின் என்று யாராவது மலிவாகக் கொடுத்தால் வேண்டாம். அது 120 வோல்ட்டுக்குச் செய்தது, நம் வீட்டில் வருவது 230.

கேள்வி: ரோட்டரி வாங்கிவிட்டேன். ஆன் செய்தாலே கையை விட்டு ஓடுகிறது. ஒரு நேரம் இடது பக்கம் இழுக்கிறது, இன்னொரு நேரம் என் மேலேயே வருகிறது. இறுக்கிப் பிடித்துப் பிடித்துத் தோள்பட்டை வலிதான் மிச்சம். மெஷினில் கோளாறா? (சென்னை வாசகர்)

பதில்: மெஷின் சரியாகத்தான் இருக்கிறது. உங்கள் மணிக்கட்டு சாய்வதைத்தான் அது சொல்கிறது.

மேலிருந்து பார்த்தால் பேட் கடிகார முள் திசையில் சுற்றும். (மெஷினின் தலைப்பகுதியில் உள்ள அம்புக்குறியைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.) பேட் முழுவதும் சமமாகப் படிந்திருந்தால், நாலா பக்க இழுப்பும் ஒன்றையொன்று சரிக்கட்டி மெஷின் அமைதியாக நிற்கும். உங்களுக்கு எதிரே உள்ள விளிம்பு அழுந்தினால் மெஷின் இடது பக்கம் ஓடும். உங்கள் பக்க விளிம்பு அழுந்தினால் வலது பக்கம். வலது விளிம்பு அழுந்தினால் முன்னால் போகும், இடது விளிம்பு அழுந்தினால் உங்களை நோக்கி வரும். இது கைக்குப் பழகிவிட்டால் இறுக்கிப் பிடிக்கவே வேண்டாம். எந்தப் பக்கம் போக வேண்டுமோ அதற்கேற்ப இம்மியளவு சாய்த்தால் மெஷின் தானாக நடக்கும், கை வழி மட்டும் காட்டினால் போதும்.

இதை உங்கள் காரில் பழகாதீர்கள். பழைய கார் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் ஒரு பழைய பானெட் வாங்குங்கள். பட்டி பூசாத, கம்பெனி பெயின்ட் உள்ள இரும்பு பானெட்டாக இருக்கட்டும். அசையாமல் ஒரு மேசையில் வைத்து, ஃபோம் பேட், கொஞ்சம் காம்பவுண்ட் (கீறலைத் தேய்த்து எடுக்கும் பசை), 600 சுற்று என்று தொடங்குங்கள். பேடைப் பரப்பில் வைத்த பிறகு ஸ்விட்சைத் தட்டுங்கள், இல்லாவிட்டால் காம்பவுண்ட் சட்டையெல்லாம் தெறிக்கும். முதல் இரண்டு நாள் பளபளப்பைத் தேட வேண்டாம். சாய்வை மட்டும் வைத்து இடம், வலம், முன், பின் நடத்திப் பாருங்கள். அது வசப்பட்ட பிறகு 1,000, 1,200 என்று ஏற்றுங்கள். ஒரு தடவைக்கு ஒன்றரை அடிச் சதுரம் போதும். ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையில் பாதியை மூடிப் போகட்டும். எந்தக் காரணத்துக்காகவும் சுற்றும் பேடை ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள்.

அப்புறம், அந்தப் பானெட்டின் ஒரு மூலையை வேண்டுமென்றே எரித்துப் பாருங்கள். எவ்வளவு நேரத்தில் போகிறது, என்ன வாசனை வருகிறது, பேடில் எப்போது நிறம் ஒட்டுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கிளியர் கோட் உள்ள காரில் பேடில் நிறம் ஏறினால், கிளியர் கோட் தாண்டிவிட்டது என்று அர்த்தம். நான் பழகிய முதல் வருடம் இந்தப் பயிற்சியைச் செய்யவில்லை. என் சொந்தக் காரின் பின்கதவில், மடிப்புக் கோட்டின் மேலே பேடை ஓட்டி, விரல் நீளத்துக்கு, நிறத்துக்கு அடியில் இருக்கும் வெள்ளை பிரைமரைப் பார்த்தேன். அந்தக் கதவு முழுவதற்கும் மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டியதாயிற்று.

ஓரங்களும் மடிப்புகளும்தான் ஆபத்தான இடங்கள். ஈரமாக இருக்கும்போதே பெயின்ட் கூர்மையான விளிம்பை விட்டு விலகிவிடும், அதனால் அங்கே தடிமன் குறைவு. மாஸ்கிங் டேப் ஒட்டாமல் மெஷினைத் தொடாதீர்கள். ஓரத்துக்கு அருகே போகும்போது, பேடின் சுற்று பரப்பிலிருந்து ஓரத்தைத் தாண்டி வெளியே போகும்படி பிடியுங்கள். வெளியிலிருந்து ஓரத்தின் மேல் மோதும்படி பிடித்தால் பெயின்ட் உரிந்துவிடும், மெஷினும் கையை உதறும். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் இரும்பைப் போல சூட்டைப் பரப்பாது. அங்கே வேகத்தையும் அழுத்தத்தையும் பாதியாகக் குறையுங்கள். புறங்கையால் அடிக்கடி தொட்டுப் பாருங்கள், சுட்டால் நிறுத்துங்கள்.

ஒயரைத் தோளின் மேலே போட்டுக்கொள்ளுங்கள். பெல்ட் பக்கிள், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். லுங்கி, துண்டு எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. வைப்பர், ஏரியல் பக்கம் பேட் போனால் அடித்துத் திருப்பிவிடும்.

ரோட்டரி வேலை முடிந்ததும் வெயிலில் அலை அலையாக ஒரு மினுமினுப்பு தெரியும். ஹாலோகிராம் என்பார்கள். மென்மையான ஃபோம் பேட், நைசான பாலிஷ், ஆயிரத்துக்குக் கீழே வேகம் என்று ஒரு சுற்று வந்தால் போகும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரோடு கலந்து துடைத்துவிட்டுப் பாருங்கள். எண்ணெய்ப் பசை மறைத்த கீறல் எல்லாம் அப்போதுதான் தெரியும்.

கேள்வி: பாலிஷ் போடக் கொடுத்த கடையில் கூரை ஓரத்தில் பெயின்ட்டை எரித்துவிட்டார்கள். "ஏற்கெனவே பெயின்ட் மெலிசு" என்கிறார்கள். என்ன செய்யலாம்? (மதுரை வாசகர்)

பதில்: மெலிசாக இருந்தால் அதைத் தொடங்கும் முன் அளந்து சொல்லியிருக்க வேண்டியது அவர்கள் வேலை. அதற்கென்றே தடிமன் அளக்கும் கருவி இருக்கிறது. வேறு ஒரு பெயின்டிங் கடையில் எரிந்த இடத்தையும், அதே கூரையின் மற்ற இடங்களையும் அளந்து எழுதி வாங்குங்கள். கூடவே மறுபெயின்ட்டுக்கு எஸ்டிமேட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். படங்கள், பில், கார் கொடுத்தபோது எழுதிய ஜாப் கார்டு மூன்றும் கையில் இருக்கட்டும். கடைக்கு எழுத்து மூலமாகப் பணம் கேளுங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. 2 வருடத்துக்குள் போட வேண்டும். அதுவரை அந்த இடத்தில் டச்சப் எதுவும் செய்யாமல் விட்டு வையுங்கள்.