தக்காளி பூ உதிருதா, காய் அடி கருகுதா? பாட்டில் வாங்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

கேள்வி: சார், மாடியில 6 குரோ பேக்ல தக்காளி வச்சிருக்கேன். குளிர் விட்டதும் நாத்து நட்டேன், செடி நல்லா புதராட்டம் வந்துச்சு. இப்போ வெயில் ஏற ஆரம்பிச்சதும் பூ எல்லாம் காம்போட உதிருது. தப்பிச்சு நின்ன நாலஞ்சு காயும் அடிப்பக்கம் கருத்து அமுங்கிப் போகுது. நாத்து வித்தவர்கிட்ட போட்டோ காட்டினேன். கால்சியம் பத்தல, கூடவே பூஞ்சை நோய்னு சொல்லி கால்சியம் ஸ்ப்ரே, பூக்கற டானிக், எப்சம் சால்ட், பூஞ்சை மருந்துன்னு நாலு எழுதிக் குடுத்திருக்கார். வாங்கலாமா, இல்ல செடியைப் பிடுங்கிட்டு வேற போடலாமா?

பதில்: நாலையும் வாங்காதீங்க. செடியையும் பிடுங்காதீங்க.

முதல்ல பூவைப் பாப்போம். பகல்ல 32, 33 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் 22, 23க்குக் கீழ இறங்கலைன்னா தக்காளி மகரந்தம் சரியா வேலை செய்யாது. பூ பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா சூல் பிடிக்காது, பிடிக்காத பூவை செடி காம்போட கழட்டி விட்டுடும். இதுல நோய் எங்க இருந்து வந்துச்சு? எல்லாரும் பகல் வெயிலை மட்டும் பாக்கறாங்க, ராத்திரி சூட்டை யாரும் கணக்குல எடுக்கறதில்ல, மாடித் தளம் பகல் பூரா வாங்கின சூட்டை விடிய விடிய வெளிய விட்டுட்டே இருக்கும், அது மேலயே பையை நேரா வச்சிருந்தா வேரும் சேர்ந்து சூடாகும். அதனால இன்னைக்கே ஒவ்வொரு பையையும் ரெண்டு செங்கல் மேல தூக்கி வைங்க, அடியில காத்து ஓடட்டும். மத்தியான வெயிலுக்கு மட்டும் 35 சதவீத நிழல் வலை போதும். 75 சதவீத வலை போட்டா செடி நெட்டுக்குப் போகும், பூவே வராது.

இன்னொண்ணு, செடி புதராட்டம் வந்துச்சுன்னு சந்தோஷமா எழுதியிருக்கீங்க. எனக்கு அதைப் படிச்சதும் தழைச்சத்து கூடிப் போயிருக்கோன்னு சந்தேகம் வருது. யூரியாவோ, தொழு உரமோ, வாரா வாரம் ஏதாவது கரைசலோ ஊத்திட்டு இருந்தா இப்பவே நிறுத்துங்க. தழை நிறைய வந்தா பூ பின்னாடி போயிடும். தினமும் காலையில 9 மணியில இருந்து 11 மணிக்குள்ள பூங்கொத்தை விரலால லேசா தட்டி விடுங்க. தக்காளிப் பூ தனக்குத்தானே சூல் பிடிக்கும், ஆனா மகரந்தம் உதிர்றதுக்கு ஒரு அதிர்வு வேணும். காத்து அடிச்சாலும் சரி, பெரிய கருவண்டு வந்து உக்காந்து ரீங்காரம் போட்டாலும் சரி. தேனீயால அந்த அதிர்வைக் குடுக்க முடியாது.

இப்போ அந்தக் கருப்பு அடி. இது தொத்து நோய் கிடையாது, ஒரு காய்ல இருந்து இன்னொரு காய்க்குப் பரவாது, கருத்த இடத்தை வெட்டிட்டு மிச்சத்தை தாராளமா சமைக்கலாம். காய் வளர்றப்ப அதோட நுனிக்கு கால்சியம் போய்ச் சேரல, அதான் விஷயம். அந்த வகையில நாத்து வித்தவர் சொன்னது பாதி உண்மை, அந்தப் பாதியை வச்சுத்தான் பாட்டில் விக்கறாங்க. கால்சியம் தண்ணியோடதான் மேல ஏறும், தண்ணி எங்க அதிகம் ஆவியாகுதோ அங்கதான் போகும், இலையில அது நிறைய, காய்ல ரொம்பக் குறைச்சல். ரெண்டு நாள் பை காஞ்சு கெடந்து மூணாவது நாள் குடம் குடமா ஊத்தினா, அந்தக் காஞ்ச நேரத்துல காய்தான் பட்டினி கெடக்கும். மண்ணுல கால்சியம் இருந்தும் காய்க்கு வராது. கடைசியில தப்பு தண்ணி ஊத்தற விதத்துலதான்.

அப்போ இலையில ஸ்ப்ரே அடிச்சா? இலைக்குள்ள போன கால்சியம் அங்கயே தங்கிடும், இலையில இருந்து காய்க்கு அது இறங்கவே இறங்காது. எப்சம் சால்ட்னா மெக்னீசியம் சல்பேட், வேர்ல கால்சியத்தோட போட்டி போடற சரக்கு, அதைப் போட்டா கருகல் கூடத்தான் செய்யும். ரெண்டையும் ஒரே சீட்டுல எழுதிக் குடுக்கறாங்கன்னா என்ன சொல்றது! பூஞ்சை மருந்துக்கு இங்க வேலையே இல்ல, கருத்த இடத்துல பின்னாடி வந்து உக்கார்ற பூஞ்சையைக் காட்டி அதை வித்துடறாங்க. டானிக் பாட்டிலைத் திருப்பிப் பாருங்க, உள்ள என்ன இருக்கு, எத்தனை சதவீதம்னு பெரும்பாலும் இருக்காது, பூ கொத்துக் கொத்தா இருக்கற படம் மட்டும் பளிச்சுன்னு இருக்கும். மனுஷனுக்கு விக்கற இருமல் மருந்துல அளவு போடாம விட முடியுமா? செடிக்குன்னா யாரும் கேக்கறதில்ல. ஏக்கர் கணக்குல பயிர் வச்சிருந்தாவது ஆலோசனை சொல்ல ஆள் வருவாங்க, 6 பை வச்சிருக்கறவங்க கேட்டா சிரிச்சிட்டு அனுப்பிடறாங்க, அப்புறம் அவங்க விக்கறவன்கிட்டதான் போய் நிப்பாங்க, வேற எங்க போவாங்க? வருஷா வருஷம் வெயில் ஆரம்பிச்சதும் இதே நாலு பாட்டில்தான், எனக்கு வர்ற கேள்வியில இது இல்லாத வாரமே கிடையாது.

நிஜமாவே கால்சியம் பத்தாம போற ஒரு நிலைமை இருக்கு, இதை மட்டும் கவனமாப் படிங்க. உங்க பையில மண்ணே இல்லாம முழுக்க கோகோபீட்டா, அதாவது தேங்காய் நார்த்தூளா இருந்தா கதை வேற. மாடித்தோட்டம் செட் பண்ணித் தர்றோம்னு வர்றவங்க பலபேர் தூக்க லேசு, செலவு கம்மின்னு பையை கோகோபீட்டாலயே ரொப்பிட்டு, மேல ஒரு பிடி மண்புழு உரத்தைத் தூவி, மண் கலவைன்னு பில் போட்டுட்டுப் போயிடறாங்க. கோகோபீட்ல கால்சியம் ரொம்பக் கம்மி, பொட்டாசியமும் சோடியமும் ஒட்டிட்டு இருக்கும். நீங்க போடற கால்சியத்தை முதல்ல அதுவே பிடிச்சு வச்சுக்கும், செடிக்கு விடாது. வெறும் தண்ணியில அலசினா மேலோட்டமான உப்பு போகும், ஒட்டினது போகாது. இதோட ஆர்ஓ தண்ணியோ மழைத்தண்ணியோ மட்டும் ஊத்தறீங்கன்னா அதுலயும் கால்சியம் கிட்டத்தட்ட இல்ல, ஆக எந்த வழியிலயும் வராது. பையில கை விட்டு ஒரு பிடி எடுத்துப் பாருங்க. மண் துகளே தட்டுப்படாம பழுப்பு நார்த்தூளா மட்டும் வந்தா, 1 லிட்டர் தண்ணிக்கு 1 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைச்சு வாரம் ஒருதடவை வேர்ல ஊத்துங்க, வேர்ல மட்டும். அதை எப்சம் சால்ட் கூட ஒரே பாட்டில்ல கெட்டியா கரைச்சு வைக்காதீங்க, ரெண்டும் சேர்ந்து லேசுல கரையாத ஜிப்சமா அடியில படிஞ்சிடும். அடுத்த தடவை பை ரொப்பறப்ப பாதிக்காவது மண்ணும் மக்கின உரமும் இருக்கணும், ஆள் வச்சு செஞ்சா கூடவே நின்னு பாத்து ரொப்ப வைங்க.

கையில மண் வந்துச்சுன்னா கால்சியத்தை மறந்துட்டு தண்ணியைப் பாருங்க. விரலை ரெண்டு அங்குலம் உள்ள விட்டா ஈரம் தட்டுப்படணும், தட்டுப்படலைன்னா அடி ஓட்டை வழியா வடியற வரைக்கும் ஊத்தணும். நல்ல வெயில்ல தினமும் காலையில வேண்டியிருக்கும், சின்னப் பைன்னா சாயங்காலமும் ஒரு தடவை. ஊத்தின உடனே அடியில கொட்டுதுன்னா ஏமாறாதீங்க, காஞ்ச கலவை சுருங்கி ஓரமா இடைவெளி விட்டிருக்கும், தண்ணி வேரைத் தொடாமயே ஓடிடும், நிறுத்தி நிறுத்தி மூணு தடவையா ஊத்துங்க. மேல காஞ்ச இலையை 5 சென்டிமீட்டர் கனத்துக்கு மூடாக்கா போடுங்க, ஆயிரம் பாட்டில் செய்யாததை அது செய்யும். கருகின காயைப் பறிச்சிடுங்க, அது திரும்பத் தேறாது. அடுத்து வர்ற காய்ல வித்தியாசம் தெரியும். முட்டை ஓட்டுத்தூள் போடலாமான்னு கேப்பீங்க. போடுங்க, ஆனா அது கரைஞ்சு செடிக்குக் கிடைக்க மாசக்கணக்குல ஆகும், இந்தக் காய்களுக்கு உதவாது.

பிடுங்கறதைப் பத்திக் கேட்டீங்க. செடி பச்சையா, தண்டு திடமா இருந்தா விட்டு வைங்க, ராத்திரி சூடு குறைஞ்சதும் புதுப் பூ காய் பிடிக்கும். இலை சுருண்டு, செடி குட்டையா நின்னுபோச்சுன்னா அது வைரஸா இருக்கலாம், அந்த ஒண்ணை மட்டும் எடுத்துடுங்க, மக்கற குழியிலயும் போடாதீங்க. காலியாகற பையில இந்த வெயில்ல மறுபடி தக்காளி நாத்து வைக்க வேண்டாம், பூவோட நிக்கற நாத்தை சீக்கிரம் காய்க்கும்னு காட்டுவாங்க, சின்னக் கப்புல வேர் சுத்திப்போன செடி அது, நட்டா அப்படியே திகைச்சு நிக்கும். வெண்டை போடுங்க, அதுக்கு சூடு பிடிக்கும். விதையை ஒரு ராத்திரி ஊறவச்சு 2 சென்டிமீட்டர் ஆழத்துல நேரா பையிலயே ஊனுங்க, நாத்து விட்டு எடுத்து நட்டா வேர் அடிபட்டுடும்.